ஏழிலைக்கிழங்கும் பீச் மரமும்: கேள்வி பதில்

கடையத்திலிருந்து: அண்ணாச்சி, ஏழிலைக்கிழங்கை, அதான் மரவள்ளிக்கிழங்கை, குக்கர்ல வைக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்லுதாவ. நெசமா?

மாமியார் சொல்லுததுல விஷயம் இருக்கு, தங்கச்சி. கிழங்குல லினமரின்னு ஒரு பொருள் இருக்கு. நறுக்கும்போது கிழங்கோட சொந்த நொதி (என்சைம்) அதை உடைச்சு சயனைடு வாயுவைக் கிளப்பும். சூடு ஏறுனா நொதி செத்துரும். மிச்சமிருக்க லினமரின் கிழங்குலயே நிக்கும், இல்லன்னா தண்ணியில இறங்கும். குக்கர்ல கொஞ்சூண்டு தண்ணி விட்டு மூடுனா எங்க போகும்?

மேல் இருக்க காக்கித் தோலு மட்டும் போனாப் போதாது. அதுக்கடியில இருக்க தடிச்ச வெள்ளைப் பட்டையும் போகணும், நஞ்சு அதுலதான் கூடுதல். நீளவாக்குல ஒரு கீறு போட்டுக் கத்தி முனைய நுழைச்சு நெம்புங்க, ரெண்டும் சேர்ந்தே கழண்டு வரும். ரெண்டு அங்குலத் துண்டா வெட்டி, நெடுக்கப் பிளந்து, நடு நரம்பை உருவிருங்க. பச்சத் தண்ணியில, கிழங்குக்கு மேல நாலு விரல் நிக்கதாப்பல போட்டு, மூடாம அவிங்க. கொதிச்சதும் அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, வேற வெந்நி ஊத்தி உப்புப் போட்டு வேக விடுங்க. கடைசித் தண்ணியையும் வடிச்சிருங்க, குழம்புல சேக்காதீங்க. வாயில வச்சதும் கசந்தா அந்தக் கிழங்கையே தூரப் போட்டுருங்க.

சாளைக் குழம்பு கூட வைக்கதும் ருசிக்கு மட்டும் இல்ல. உடம்பு சயனைடை முறிக்கக் கந்தகம் உள்ள புரதம் வேணும். அது மீன்ல இருக்கு, கிழங்குல கிடையாது.

செங்கோட்டையிலிருந்து: எவ்வளவு அவிச்சாலும் மாவா வெடிக்கல, சவுக்குன்னு இருக்கு.

அடுப்பு மேல குத்தமில்ல. காஞ்சு கிடந்த செடி மழை பெஞ்சதும் புதுத் தளிர் விடும். அதுக்குக் கிழங்குல இருக்க மாவைத்தான் உறிஞ்சும். அந்த நேரம் தோண்டுனா நீர்க்கிழங்குதான் கிடைக்கும். ரகத்தையும் பாருங்க: எச்-165, எச்-226 பெரும்பாலும் மாவு, ஜவ்வரிசி ஆலைக்குப் போறது. அவிச்சுத் திங்க எம்-4 நல்லது. ஸ்ரீ ஜெயா ஏழு மாசத்துல வந்துரும், அதுவும் நல்லாயிருக்கும்.

பாவூர்சத்திரத்திலிருந்து: மூணாம் நாளே உள்ள நீலக் கோடு விழுந்துருது.

தோண்டுன காயத்துல காத்துப் பட்டு வாறது. தோலுரிச்சுத் தண்ணியில மூழ்க வச்சு, தினம் தண்ணி மாத்தி ஃப்ரிட்ஜில வச்சா ரெண்டு மூணு நாள் கூடுதலாத் தாங்கும். இன்னும் கூட வேணும்னா துண்டு போட்டு ஃப்ரீசர்ல வைங்க.

ஆலங்குளத்திலிருந்து: வேலியோரம் நாலு குச்சி நடணும். ஆடும் இருக்கு.

பத்து மாசம் முத்துன தண்டோட நடுப்பாகத்துல முக்கால் சாண் குச்சி, எட்டுப் பத்துக் கணு இருக்கணும். வெட்டுன இடத்துல பால் கசியணும். கசியலன்னா குச்சி காஞ்சு போச்சுன்னு அர்த்தம். கணு மேல பாக்க, ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள, மூணடிக்கு ஒண்ணு. முளைச்சதும் எதிரெதிர்ல ரெண்டு கிளைய விட்டுட்டு மத்ததக் கிள்ளிருங்க. இலை மஞ்சப் புள்ளியோட சுருங்கிக் கோணுன செடியில குச்சி எடுக்காதீங்க. அது தேமல் வைரஸ், மருந்து கிடையாது. வெள்ளை ஈயும் பரப்பும், குச்சியும் பரப்பும்.

ஆட்ட அந்தப் பக்கமே விடாதீங்க. பச்சை இலைய வயிறு முட்டத் தின்னா மூச்சு இரைச்சு, வலிப்பு வந்து விழும். உடனே கால்நடை மருத்துவரக் கூப்பிடுங்க. சோடியம் தயோசல்ஃபேட் ஊசி இருக்கு, ஆனா நிமிஷக் கணக்குல போட்டாத்தான் பிழைக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து: பீச் பழக் கொட்டைய மாடித் தொட்டியில போட்டா காய்க்குமா?

முளைக்கும், காய்க்காது. ஓட்ட உடைச்சுப் பருப்ப ஈர மணல்ல வச்சு, ஃப்ரிட்ஜில ரெண்டு மூணு மாசம் கிடந்தா முளை விடும். ஆனா வளர்ந்த மரத்துக்கும் குளிர் வேணும். ஏழு டிகிரிக்குக் கீழ இருக்க நேரத்தைக் கூட்டித்தான் பூ மொட்டு முழிக்கும். ரொம்பக் கம்மியாக் கேக்க ஃப்ளோரிடா பிரின்ஸ் ரகத்துக்கே சுமார் 150 மணி நேரம் வேணும். பாளையங்கோட்டை மார்கழி ராத்திரி அதுல ஒரு மணி நேரம் கூடத் தராது. மரத்தைத் தூக்கி ஃப்ரிட்ஜில வைக்க முடியுமா? தொட்டியில கொய்யா வைங்க.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: மச்சான் வீடு கொடைக்கானல்ல. அங்க பீச் மரம் இருக்கு, காய் கோலிக்குண்டு அளவோட நின்னு போகுது.

கவாத்து பண்ணாததும் (கிளையக் கழிக்காததும்), காயக் குறைக்காததும்தான். போன வருசம் விட்ட குச்சியிலதான் இந்த வருசம் காய்க்கும், காய்ச்ச குச்சி மறுபடி காய்க்காது. இலை உதிர்ந்த நேரத்துல காய்ச்சதக் கழிச்சு, நடுவுல வெளிச்சம் விழ மரத்தக் கிண்ணம் மாதிரி விரிச்சு விடச் சொல்லுங்க. பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும் ஒரு சாணுக்கு ஒண்ணுன்னு விட்டுட்டு மத்ததப் பிடுங்கணும். வேர்ல தண்ணி நிக்கவே கூடாது.

அதே ஊர்லயிருந்து: கொட்டைக்குள்ள பருப்பு பாதாம் மாதிரியே இருக்கு, திங்கலாமா?

வேண்டாம். அதுல இருக்கது அமிக்டலின். மென்னாக் கிளம்புறது ஏழிலைக்கிழங்குல சொன்ன அதே சயனைடுதான். கிழங்க மாதிரி வீட்டுல அவிச்சு வடிச்சா சரியாயிரும்னு நம்பவும் முடியாது. பிள்ளைக கையில கிடைக்காம பாத்துக்கிடுங்க.