ரோட்டரி, லயன்ஸ் மாதிரிச் சேவைக் கழகத்தில் சேர்ந்தால் வெளிநாட்டு மாணவரை வீட்டில் வைத்திருக்க வேண்டி வருமா? மலையகத்தில் அது சரிப்படுமா?

கட்டாயம் எதுவும் இல்லை. கூட்டத்தில் கை தூக்குகிறவர் வீட்டுக்குத்தான் பிள்ளை வரும். நான் தூக்கினேன், மாட்டிக்கொண்டது மனைவி.

நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம். டவுனில் கொப்பி, பேனை விற்கிற சின்னக் கடை. நாலு பேரைத் தெரிந்தால் கடைக்கு நல்லது என்ற கணக்கோடுதான் கழகத்தில் சேர்ந்தேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. எந்தக் கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள். கீழே கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒழுங்குமுறை. ரோட்டரி (1905), லயன்ஸ் (1917) இரண்டுமே சிக்காகோவில் தொடங்கியவை. இரண்டிலும் இளைஞர் பரிமாற்றம் உண்டு, ஆனால் முறை வேறு. ரோட்டரியின் நீண்டகாலப் பரிமாற்றத்தில் 15 முதல் 19 வயதுக்குள் உள்ள பிள்ளை ஒரு பாடசாலை ஆண்டு முழுக்க இருக்கும். வழக்கமாக ஒரு வீட்டிலேயே வைக்காமல் வீடு மாற்றுவார்கள். லயன்ஸில் படிப்பு கிடையாது. சில வாரம் ஒரு குடும்பத்தோடு இருப்பது, இளைஞர் முகாமுக்குப் போவது, அவ்வளவுதான். வீட்டுக்காரருக்குக் கூலி எதுவும் கிடைக்காது. விமான டிக்கெட்டும் காப்புறுதியும் பிள்ளையின் பக்கம், சோறும் படுக்கையும் நம் பக்கம். வீட்டை வந்து பார்த்து, எல்லாரிடமும் கதைத்து, விசாரித்துத்தான் சம்மதிப்பார்கள். தனி அறை இல்லாவிட்டாலும் தனிக் கட்டில் இருக்க வேண்டும். பிள்ளைக்கும் சட்டம் உண்டு: வாகனம் ஓட்டக்கூடாது, குடிக்கக்கூடாது, போதை கூடாது, காதல் கூடாது. இதை வாசித்துக் காட்டியபோது என் மகன், "இது நம்ம வீட்டுச் சட்டந்தானே" என்றான்.

எங்களிடம் வந்தது டென்மார்க் பிள்ளை. 17 வயது, ஆறு வாரம், தை மாதம். அவர்கள் நாட்டிலேயே ஆக உயர்ந்த மேடு 171 மீட்டர்தானாம். எங்கள் சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். வேன் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டை நினைத்துப் பயப்படாதீர்கள். ரொட்டியும் பருப்பும் யாருக்கும் இறங்கும். நாங்கள் யோசிக்காத விசயம் குளிர். பனி கொட்டுகிற நாட்டுப் பிள்ளைக்கு அட்டன் குளிர் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டோம். ஆனால் அங்கே வீட்டுக்குள் சூடு இருக்கும். இங்கே வெளியே என்ன குளிரோ அதேதான் உள்ளேயும். இரண்டாம் இரவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்பக்க விறகடுப்புக்கு வந்துவிட்டாள். 2022இல் கேஸ் கிடைக்காமல் அலைந்த காலத்தில் நாங்கள் கட்டிய அடுப்பு அது. அம்மாவின் இடமும் அதுதான்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் 30 வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார். பிள்ளை வாசலில் கால் வைத்ததும் அம்மா கதிரையை விட்டு எழும்பினார். வரவேற்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் எழும்பினார், அதற்கடுத்த நாளும். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாலும், அவள் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். தொரைச்சாணி, அதாவது வெள்ளைத் தொரையின் மனைவி, வந்தால் உட்கார்ந்திருக்கக்கூடாது என்று சின்ன வயதில் தோட்டத்தில் படித்த பாடம். தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் தொரைமார் போய் ஐம்பது வருசம் ஆகிறது. அம்மாவின் முழங்காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. "ஏன் பாட்டி எப்பவும் எழும்புகிறார்?" என்று பிள்ளை கேட்டாள். வயசானவர்களுக்குக் கால் மரத்துப்போகும் என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

மற்றக் குறை கழகத்தினுடையது. வருசத் தொடக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கொப்பி கொடுப்போம். (ஆமாம், என் கடைக் கொப்பிதான்.) "வெள்ளைக்காரப் பிள்ளை கையால கொடுத்தா படம் நல்லா வரும்" என்றார் ஒருவர். பிள்ளை என் பக்கம் திரும்பி, "அங்கிள், நான் வந்து எட்டு நாள். இந்தக் கொப்பியை நான் வாங்கவில்லை. நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் நேரே போய், பின்வரிசையில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு கழகத்தில் முணுமுணுப்பு, ஒத்துழைக்காத பிள்ளையாம். நான் வாயைத் திறந்தேன். ஐந்தாம் வகுப்பில் நானும் அப்படி ஒரு சப்பாத்துப் பெட்டியை வாங்கியவன். பெட்டியில் ஒரு கை, கொடுக்கிறவர் கை மறுபக்கம், முகம் கமராவுக்கு. படக்காரர் "இன்னொரு தடவை" என்றதும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கினேன். சப்பாத்து ஒரு வருசம் உழைத்தது. அந்தத் திருப்பிக் கொடுத்தது மட்டும் இன்னும் மனதில் கிடக்கிறது. இதைச் சொன்ன பிறகு இரண்டு மாதம் சிலர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அதற்காகக் கழகமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உருப்படியான வேலையும் நடக்கிறது. ரோட்டரிக்காரர்கள் 1985இலிருந்து போலியோவை விடாமல் துரத்துகிறார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். லயன்ஸ்காரர்களிடம் 1925இல் ஹெலன் கெல்லர் நேரில் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து கண் வேலை அவர்களுடையதாகிவிட்டது. மலையகத்தில் எந்தக் கழகமானாலும் கண் முகாம்தான் ஆக நல்ல வேலை என்பது என் கருத்து. 40 தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். கொழுந்தெடுக்கிறவருக்கு இரண்டிலை ஒரு மொட்டு தெரியாவிட்டால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் சம்பளத்தில் அடி. அசாம் தோட்டங்களில் நடந்து 2018இல் வெளியான ஒரு ஆய்வில், கண்ணாடி கிடைத்தவர்களின் கொழுந்து ஏறத்தாழ 39 சதவீதம் கூடியிருந்தது, கிடைக்காதவர்களுடையது ஏறத்தாழ 18 சதவீதம்தான். விலை குறைந்த சாதாரண வாசிப்புக் கண்ணாடிதான்.

நாலாவது வாரம் எங்கள் முகாம். அன்று பிள்ளைக்கு யாரும் வேலை சொல்லவில்லை, படமும் கேட்கவில்லை. அவளாகவே வரிசையில் நின்ற கிழவிகளைக் கைபிடித்து, எழுத்துப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக, மூன்று கால் மேசை மாதிரி ஒரு குறி வைத்திருப்பார்கள். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். அதற்குத் தமிழும் தேவையில்லை, டேனிஷும் தேவையில்லை. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கும் ஒரு கண்ணாடி கிடைத்தது.

நீங்கள் பிள்ளையை எடுத்தால் ஒரு விசயம்: முதல் நாளே வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். நல்ல கோப்பை, தனி மேசை, வாளி நிறையச் சுடுதண்ணி என்று விருந்தாளியாகவே வைத்திருப்போம். என் மனைவி மூன்று வாரம் அவளைத் தட்டுக் கழுவ விடவில்லை. பிள்ளை அறைக்குள் போய் அழுதிருக்கிறாள், மகள் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு தேங்காய் துருவ விட்டோம்.

ஐந்தாவது வாரம் ஒரு பின்னேரம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வந்து கதவடியில் குந்தினாள். அம்மா எழும்பவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தள்ளி உக்காரு புள்ள, வெளிச்சத்த மறைக்கிற."