ஓய்வுக்குப் பின் வரும் வெறுமை

கேள்வி: எனக்கு வயது 63. களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடங்களாகின்றன. பிள்ளைகள் இருவரும் கனடாவில். சீனியும் பிரஷரும் மருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆயினும் எதிலும் மனம் நிறைவதில்லை. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இனியுள்ள காலத்தைச் சுகமாகவும் சந்தோஷமாகவும் கழிக்க என்ன செய்யவேண்டும்?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த மூன்று மணி விழிப்புத்தான். சிறுநீர் கழிக்க எழும்பி, அதன்பின் தூக்கம் வராமல் போகிறதென்றால் சீனியின் அளவையும் புரஸ்டேட் சுரப்பியையும் பரிசோதிக்கவேண்டும். அப்படி எதுவுமின்றி விழித்து, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் குறைந்து, பசியும் மட்டுப்பட்டு, இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேலாக அநேகமாக நாள் முழுவதும் நீடிக்கிறதென்றால், அதை மனச்சோர்வு என்னும் நோயாகவே கருதவேண்டும். நீரிழிவு உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது, சிகிச்சையால் குணமாகக்கூடியது. கிளினிக்கில் கூச்சமின்றிச் சொல்லுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அந்த நோய் இல்லையென்று தெளிவானபின் பேசவேண்டியது உங்கள் பகற்பொழுதைப் பற்றி. அலுவலகத்தில் இருந்தபோது உங்களைத் தேடி நாளுக்குப் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். இன்று வாசலில் யாருமில்லை. இந்த வெறுமையை மாத்திரையால் நிரப்ப முடியாது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கி எண்பது வருடங்களுக்கும் மேலாக ஒரே மனிதர்களைப் பின்தொடர்ந்துவரும் ஆய்வொன்றில், 50 வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டிருந்தவர்களே 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். 50 வயதில் அவர்களுடைய இரத்தக் கொழுப்பின் அளவுகூட இதை இவ்வளவு நன்றாக முன்னுணர்த்தவில்லை.

என்னிடம் வரும் 78 வயது அம்மா ஒருவர் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வருவார். கைநாடி பிடிக்கும்போது நகக்கண்ணில் ஈரமண் இருக்கும். கிணற்றடியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் வைத்திருக்கிறார். பிடுங்கிய கீரையில் பாதி அயல்வீடுகளுக்குப் போகிறது. அவருக்கும் சீனி இருபது வருடமாக உண்டு, பிள்ளைகளும் வெளிநாட்டில்தான்; ஆனால் ஒருநாள் கீரை வராவிட்டால் நான்கு வீட்டிலிருந்து ஆள் தேடி வரும். உங்களுக்குக் கீரைப்பாத்தி ஒத்துவராவிட்டால், விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாமல் பிரதேச செயலக வாசலில் நிற்பவர்களுக்கு உங்கள் கைப்பழக்கம் எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நடைப்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடங்களாவது வேண்டும், அதாவது ஐந்து நாட்களுக்கு அரைமணி நேரம். வெயில் ஏறுமுன், முடிந்தால் மனைவியோடும் இன்னொரு நண்பரோடும் நடவுங்கள். ஆள் காத்திருந்தால் நாள் தவறாது. வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பது நீங்கள் எடுக்கும் மருந்தைப் பொறுத்தது, அதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை மணலானாலும் செருப்பின்றி நடக்கவேண்டாம். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குப் போய்ச் சுடுமணலில் கால் வெந்ததே தெரியாமல் புண்ணோடு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும். சீனியால் உணர்ச்சி குறைந்த பாதம் சூட்டைச் சொல்லாது. இரவில் படுக்குமுன் உள்ளங்காலைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

உணவில் பெரிய மாற்றம் தேவையில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, கீரையையும் மீனையும் கூட்டினால் போதும்; கருவாடும் ஊறுகாயும் உப்பைக் கூட்டும் என்பதால் எப்போதாவது மட்டும். வெற்றிலை போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுவதானால் நிறுத்துங்கள்: புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஒன்றே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கவல்லது. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி என்று நாளைக்கு ஐந்து தடவை குடித்தால் பத்துக் கரண்டி ஆகிவிடும். மாலைக்குப் பிறகு குடிப்பது தூக்கத்தையும் கெடுக்கும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் ஒரு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள், சிறுநீருக்காக எழும்பினீர்களா, அன்று யாருடன் பேசினீர்கள் என்பவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, வைத்தியரிடம் காட்டுங்கள்.