கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடாதீங்க அக்கா

அக்கா, 51 வயசு, மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம், கால்சியம், இரும்பு மாத்திரை ரெண்டையும் காலை டீயோட போடுறேன், மலச்சிக்கல்தான் மிச்சம்னு எழுதியிருந்தீங்க. இரும்பு உடம்புல சேரவிடாம கால்சியம் தடுக்கும், டீயும் அப்படித்தான். உங்க கால்சியம் மாத்திரை கார்பனேட் வகைன்னா மதியச் சாப்பாட்டோட போடுங்க. ஆமா, இரும்பு எதுக்கு? உதிரப்போக்கு நின்னா அதோட தேவையே குறைஞ்சிடும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) பார்த்துட்டு டாக்டர்கிட்ட கேளுங்க. மலச்சிக்கலுக்கு ரெண்டு மாத்திரையுமே காரணமா இருக்கலாம்.

100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கு. எங்க வீட்ல ராத்திரியே மாவைக் கரைச்சுப் புளிக்கவெச்சு, காலைல கூழ் காய்ச்சி மோர் விட்டுக் குடிப்போம். புளிச்சா சத்து இன்னும் நல்லா சேரும். வைட்டமின் டி-யும் பார்த்துடுங்க, அது குறைஞ்சா கால்சியம் ஒட்டாது. நடுவுல திரும்ப ரத்தம் பட்டா மட்டும் தள்ளிப்போடாம காட்டிடுங்க.