எந்தத் தாளுக்கு எந்த நார்? – கேள்வி பதில்

காகித ஆலையின் கூழ்ப் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் தைலமரம் நட்டிருக்கும் விவசாயி. அதன் நார் குட்டை, அதனால் மட்டம் என்கிறார்களே?

பதில்: குட்டைதான், ஆனால் மட்டமில்லை. தைலமரத்து நார் 1 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. பைன் மரத்து நார் சராசரியாக 3 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் ஒரு கிராம் கூழில் தைலமர நார்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். அவை இடுக்குகளை நிரப்புவதால் தாள் வழவழப்பாகிறது, மை சீராகப் பதிகிறது, பின்பக்க எழுத்து முன்னால் தெரிவதில்லை. நோட்டுப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல நார் கிடையாது. சிமென்ட் பை கிழியாமல் இருக்கத்தான் பைன் வேண்டும். பட்டையை நன்றாக உரித்து அனுப்புங்கள். தாளில் கரும்புள்ளி விழ அதுவே பெரிய காரணம்.

கேள்வி: செய்தித்தாள் ஏன் சீக்கிரம் மஞ்சளாகிறது?

பதில்: மரத்தை அரைத்தே எடுக்கும் கூழில், நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெயில் பட்டால் அது நிறம் மாறும்.

கேள்வி: நான் பொறியியல் மாணவி. மரத்தூளும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கும் கலந்து பலகை வார்த்தேன். பழுப்பேறி, வளைத்தவுடன் உடைகிறது. எங்கே தவறு, ஐயா?

பதில்: மூன்று இடங்களில் பாருங்கள், அம்மா. பழுப்பு நிறம் சூட்டினால் வந்தது; 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரம் சிதையத் தொடங்கும். கலப்பதற்கு முன் தூளை நன்றாக உலர்த்தினீர்களா? ஈரம் ஆவியாகி உள்ளே குமிழிகளை விட்டுவிடும். முக்கியமானது ஒட்டுதல். மரம் நீரை ஈர்க்கும், பிளாஸ்டிக் விலக்கும். இரண்டும் தாமாகக் கைகோக்காது. மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஏற்றிய பாலிபுரோப்பிலீனைச் சிறிதளவு சேர்த்தால் இரண்டையும் அது பிணைக்கும். தூளுக்குப் பதில் நாராகவே போட்டுப் பாருங்கள். தூள் வெறுமனே இடத்தை அடைக்கும். மெல்லிய நீண்ட நார்தான் சுமையைத் தாங்கும்.

கேள்வி: கரும்புச் சக்கையில் கையால் காகிதம் செய்கிறேன். தண்ணீர் வடியவே மறுக்கிறது.

பதில்: சக்கைக்குள் இருக்கும் சோற்றை, அதாவது பஞ்சு போன்ற மென்பகுதியை, நீக்கினீர்களா? அது நாரே இல்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டு வலையை அடைக்கும், தாளுக்கு வலுவும் தராது. சக்கையைக் கூழாக்கும் கரூர் காகிதபுரம் ஆலையிலும் முதலில் இதைத்தான் பிரிக்கிறார்கள். காய்ந்த சக்கையைத் தட்டிச் சலியுங்கள். உதிரும் பொடியை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, சல்லடையில் நிற்பதை மட்டும் வேகவையுங்கள்.