அப்புறம் என்னாச்சு தாயி?

கேள்வி: சிறுவயதில் நூலகத்தில் தொடங்கிய வாசிப்பு உங்களுக்கு இன்றுவரை எப்படித் தொடர்கிறது? வாசகர் வட்டம் மாதிரியான குழுக்களால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது 1966இல், கோவில்பட்டியில். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து மரச்சீவலும் நீலத்தாளும் மைதா மாவும் கொடுத்துவிடுவார்கள். மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கலந்து அம்மா பசை கிண்டுவாள். சீவலைக் கட்டையில் வைத்து மடக்கி, தாளைச் சுற்றி, பெருவிரலால் ஒரு இழுப்பு. ஒரு பெட்டி முடிந்தது. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் அவரவர் சீவல் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கை ஓடிக்கொண்டிருக்கும். காதுக்குத்தான் வேலை இருக்காது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றதும் அந்தக் காதுகளுக்குத்தான் முதலில் வாசித்தேன்.

அந்தத் திண்ணையில் சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையான நான்தான். எதிர்வீட்டு அத்தை வாராவாரம் பத்திரிகை வாங்குவார். அவருக்கே அதை வாசிக்கத் தெரியாது, படங்களைப் பார்ப்பார். தொடர்கதையை நான் உரக்க வாசிப்பேன். 'தொடரும்' என்று முடிகிற இடத்தில் எல்லோருக்கும் கோபம் வரும். "அப்புறம் என்னாச்சு தாயி?" என்று என்னைத்தான் கேட்பார்கள், ஏதோ நான் மறைத்து வைத்திருப்பது மாதிரி. அடுத்த இதழ் வரும்வரை அவர்களே ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை போடுவார்கள். கதாநாயகி அந்தப் பையனைக் கட்டலாமா கூடாதா என்று இரண்டு கட்சி. இப்போது யோசித்தால், நான் சேர்ந்த முதல் வாசகர் வட்டம் அதுதான்.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு பைண்டிங் கடையில் கொடுப்போம். காலிகோ துணி முதுகும் கெட்டி அட்டையும் போட்டு வரும். அப்படிப் பைண்டு செய்த ஒரு தொகுப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்க எண்கள் 14, 15, பிறகு 62 என்று தாவும். கதைத் தாளுக்குப் பின்பக்கம் பாதிச் சமையல் குறிப்பு, பாதி நகைச்சுவைத் துணுக்கு, மூட்டுவலித் தைல விளம்பரம் எல்லாம் இருக்கும். பைண்டிங் கடைப் பசையிலும் மயில்துத்தம்தான். அதனால் புத்தக வாசனையும் எங்கள் வீட்டு வாசனையும் எனக்கு ஒன்றாகவே இருந்தது.

நூலகத்துக்குப் போனது ஐந்தாம் வகுப்பில். நூலகரை எல்லோரும் "லைப்ரரி சார்" என்பார்கள். சிறுவர் பகுதியில் இருந்தது ஒரே ஒரு அலமாரி. அதை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டேன். பெரியவர்கள் பகுதியில் எடுக்கப் பெரியவர் பெயரில்தான் உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார். அப்பா வேலைக்காக வெளியூரில் இருந்தார். அம்மாவுக்கு அதுவரை கைநாட்டுத்தான். லைப்ரரி சார் படிவத்தை என்னிடம் கொடுத்து, "அவசரமில்லம்மா, அம்மா கையெழுத்துப் போட்டதும் கொண்டு வா" என்றார். பெட்டி ஒட்டும் நீலத்தாளின் வெள்ளைப் பக்கத்தில் பதினைந்து நாள் அம்மாவுக்குப் பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். கடைசி எழுத்து மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகும். படிவத்திலும் இறங்கித்தான் இருந்தது. அவள் வாழ்க்கையில் முதல் கையெழுத்தைப் போட்டது ரேஷன் கடையிலோ பத்திரத்திலோ இல்லை, நூலக உறுப்பினர் படிவத்தில்தான். அந்த நூலகருக்கு நான் பட்ட கடன் தீராது. கைநாட்டே போதும் என்று வாங்கி வைத்திருந்தால் அம்மா எழுதக் கற்றிருக்க மாட்டாள்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊரில் பிறந்த நண்பர்கள். சாகித்திய அகாதெமி விருது முன்னவருக்கு அவர் மறைந்த பிறகு 1970இலும், பின்னவருக்கு 1991இலும் கிடைத்தது. அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். சிறுமியாக இருந்தபோது எனக்கு இது தெரியாது, பள்ளியில் யாரும் சொல்லவில்லை. எழுத்தாளர் என்றால் சென்னையில் இருப்பவர் என்றே நினைத்திருந்தேன். எங்கள் கரிசல் காட்டுப் பேச்சை அப்படியே அச்சில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று திண்ணையில் வாசித்தபோது யாரும் பெட்டி ஒட்டவில்லை.

கல்லூரி நாட்களில் சோவியத் புத்தகங்கள். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வரும். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போட்டால், கையில் இருக்கும் சில்லறைக்கே கெட்டி அட்டைப் புத்தகம் கிடைக்கும். பனியும், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாரும் எனக்கு அங்கேதான் அறிமுகம். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

1988இல் கல்யாணமாகி ஈரோடு வந்தேன். கூட்டுக் குடும்பம். புத்தகத்தோடு உட்கார்ந்தால் வேலை இல்லை என்று அர்த்தமாகிவிடும். யாரும் திட்டவில்லை, ஆனால் ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிவிடுவார்கள். ஏழெட்டு வருடம் என்னை உயிரோடு வைத்திருந்தது சைக்கிளில் வரும் சர்க்குலேஷன் லைப்ரரிக்காரர். மாதச் சந்தா கொடுத்தால் தினம் ஒரு பத்திரிகையைப் போட்டுவிட்டு முந்தைய நாள் போட்டதை எடுத்துப் போவார். ஒரே இதழ் அந்தத் தெருவில் பத்து வீடாவது சுற்றும். நான் வாசிப்பது இரவு பதினொன்றுக்கு மேல், சமையலறை விளக்கில். ஆனால் அந்த வருடங்களில் வாசித்த எதுவும் எனக்கு மனதில் நிற்கவில்லை. நினைவாற்றல் குறைந்துவிட்டது என்று பயந்திருக்கிறேன். பிற்பாடுதான் காரணம் புரிந்தது. "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

நாங்கள் தனியாக வீடு கட்டிய பிறகு, சொத்து வரி ரசீதில் 'நூலக வரி' என்று ஒரு வரியைப் பார்த்தேன். விசாரித்தால், சொத்து வரியில் ரூபாய்க்கு பத்து பைசா நூலகத்துக்குப் போகிறதாம். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதற்குப் பின்னால் பல வருடம் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போன நடமாடும் நூலகம் 1931இல் தொடங்கியது. அதே வருடம்தான் ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளும் நூலாக வந்தன. கோவில்பட்டியில் காசே கொடுக்காமல் நான் படித்த அத்தனை புத்தகமும் யாரோ ஒருவர் கட்டிய வீட்டு வரிதான் என்று அன்று உறைத்தது. மறுநாளே கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினர் ஆனேன். (வரி கட்டுகிற எல்லோரும் ஒரு தடவையாவது தங்கள் ஊர் நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். உங்கள் காசு அது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.)

2005இல் ஈரோட்டில் புத்தகத் திருவிழா தொடங்கியது. மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து, சேர்த்த காசில் புத்தகம் வாங்க வைப்பார்கள். என் மகள் உண்டியலை உடைத்து நாணயங்களாகவே கொண்டுபோய்க் கொட்டினாள். கடைக்காரர் பொறுமையாக எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தத் திருவிழாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உரை கேட்டவர்கள் மூலமாகத்தான் நூலக வாசகர் வட்டத்துக்குப் போனேன்.

வட்டம் என்றால் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். முதலில் நான் போன ஒன்றில் பொன்னாடையும் வாழ்த்துரையுமே இரண்டு மணி நேரம் ஓடின. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் மூன்று பேர். அதை விட்டுவிட்டேன். இப்போது இருப்பது பன்னிரண்டு பேர் கொண்டது. விசைத்தறி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், இரண்டு ஆசிரியைகள், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுபவர், கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், என்னைப் போன்ற வீட்டுக்காரிகள். மாதம் ஒரு புத்தகம். மேடை கிடையாது, தலைமையுரை கிடையாது. ஒரே விதி, ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கருத்து.

இந்த விதி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கரிசல் வட்டாரத்தைப் பற்றிய ஒரு நாவலை எடுத்தோம். கிளை நூலகத்தில் இருந்த பிரதியில், யாராவது எடுக்கும்போதெல்லாம் முத்திரை குத்துகிற தேதிச் சீட்டைப் பார்த்தால் பல வருடங்களில் இரண்டே இரண்டு முத்திரைதான். கூட்டத்தில் பாதிப் பேர் இருபது பக்கத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தார்கள். "பேச்சே புரியலீங்க" என்றார் தறிக்காரப் பெரியவர். எனக்குத் தொண்டை அடைத்தது, என் வீட்டாரையே யாரோ குறை சொன்ன மாதிரி. புத்தகத்தை வாங்கி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, எங்கள் ஊர் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தொடங்கினேன். அது அடுப்பில் பருத்திமார் எரிய, ஒரு கிழவி தன் மருமகளைத் திட்டுகிற இடம். பருத்திமார் என்றால் பருத்திச் செடியின் காய்ந்த குச்சி, எங்களுக்கு அதுதான் விறகு என்று சொன்னேன். 'வெள்ளனே' என்ற சொல்லுக்கு நிறுத்தினார்கள். அதிகாலை என்றேன். "அட, நம்ம வெடியாலங்கிறதா!" என்றார் ஒரு ஆசிரியை. நான் பக்கத்தை முடித்து நிமிர்ந்தபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா படிங்க அம்மிணி" என்றார்.

அன்று ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். முப்பது வருடம் கழித்து என் குரல் அந்தத் திண்ணைக் குரலாகத் திரும்பி வந்தது. அடுத்த மாதத்துக்குள் அந்தப் பிரதியை நான்கு பேர் எடுத்திருந்தார்கள். ரங்கநாதனின் மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அலமாரியில் கிடக்கும் புத்தகம் அந்த வாசகரிடம் தானாகப் போய்ச் சேர்வதில்லை, நடுவில் ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது. வாசகர் வட்டத்தின் பயன் என்ன என்று யார் கேட்டாலும் நான் அந்தத் தேதிச் சீட்டைத்தான் சொல்வேன். வருடத்துக்கு எத்தனை புத்தகம் முடித்தேன் என்று எண்ணிப் பட்டியல் போடுவதில் எனக்கு நாட்டமில்லை. ஒரு பக்கத்தை நான்கு பேர் சேர்ந்து புரிந்துகொண்டால் அது எனக்கு நூறு புத்தகத்துக்குச் சமம்.

2020இல் நூலகங்களைப் பூட்டியபோது கூட்டத்தை செல்போனுக்கு மாற்றினோம். அப்பா தவறிய பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கண்ணில் புரை, வாசிக்க முடியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிறு, தீப்பெட்டி ஒட்டும் குடும்பத்தைப் பற்றிய ஒரு சிறுகதையைக் கல்லூரிப் பெண் ஒருத்தி வாசித்தாள். பசை காய்ச்சுகிற இடம் வந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "மயில்துத்தம் போடாம ஒட்டுனா ரெண்டே நாள்ல கரப்பான் அரிச்சிருமே தாயி! இதை எழுதுனவுக பெட்டி ஒட்டிப் பாத்ததில்ல போல."

எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது. அந்தப் பெண் கதையை நிறுத்திவிட்டு, "பாட்டி, நீங்க சொல்லுங்க" என்றாள். முக்கால் மணி நேரம் அம்மா சொன்னாள். குரோஸ் கணக்கு, சீவலில் கிழிந்த விரல், நான் வாசித்த தொடர்கதைகள், கீழே இறங்கிய கையெழுத்து எல்லாம் சொன்னாள். தறிக்காரப் பெரியவர் தன் தறிக் கூலிக் கணக்கை அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். அந்தச் சிறுகதையைப் பற்றிப் பேச நேரமே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு அம்மாவும் உறுப்பினர்தான். மாதப் புத்தகத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இப்போது கூட்டம் மறுபடியும் நூலகத்திலேயே நடக்கிறது, ஆட்டோ வைத்துக் கூட்டிப் போகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது. இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.