முதலில் அந்த டப்பாவை மூடுங்கள்

கேள்வி: என் நாலு வயதுப் பையன் காய்கறியைத் தொடுவதே இல்லை. கெஞ்சியாச்சு, மிரட்டியாச்சு, செல்போன் காட்டித்தான் ஊட்டுகிறேன். சத்து பானம் மட்டும் மூன்று வேளையும் குடிக்கிறான். இது போதுமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: போதாது. கேள்வி முடிந்துவிட்டது. ஆனால் போகிறபோக்கில் ‘சத்து பானம்’ என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த டப்பாக்களோடு எனக்குள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா முதலான பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையிலிருந்து எடுங்கள், சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸ்காரர்களும் ‘ஹெல்த்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, தங்கள் பானத்தின் வகைக்கு வேறு பெயர் தேடிக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் ‘சத்து’ என்று மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று தம்ளர் இனிப்புப் பாலில் வயிறு நிரம்பிய பையன் அவரைக்காய்ப் பொரியலை எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறான்?

கிளாரா டேவிஸ் என்று அமெரிக்காவில் ஒரு குழந்தை மருத்துவர். 1920களின் பிற்பகுதியில், பால் மறந்த கைக்குழந்தைகள் முன்னால் தட்டுத் தட்டாக உணவை வைத்துவிட்டு, குழந்தையாகக் கை நீட்டிக் கேட்காமல் யாரும் எதையும் ஊட்டக் கூடாது, இதைத் தின்னு என்று சைகைகூடக் காட்டக் கூடாது என்று நர்சுகளைக் கட்டிப்போட்டார். ஒரு வேளை ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இன்னொரு வேளை முட்டையும் வாழைப்பழமும் என்று தாறுமாறாகத் தின்று, குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. உடனே ‘அவன் இஷ்டத்துக்கு விடு’ என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த 34 பண்டங்களில் சர்க்கரை கிடையாது, பாக்கெட் கிடையாது. சூட்சுமமே அந்தப் பட்டியலில்தான் என்று அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார். என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் அதிகாரம். எவ்வளவு தின்பது என்பது அவன் அதிகாரம். பீட்ரூட்டை எட்டுப் பத்து தடவை தட்டில் வைத்தபிறகுதான் சில பிள்ளைகள் வாயில் போடும், அதுவரை அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ‘தின்னால் சாக்லேட்’ பேரமும் வேண்டாம், லஞ்சம் கொடுத்துத் தள்ளுகிற பொருள் மட்டமாகத்தான் இருக்கும் என்பது நாலு வயதிலேயே தெரிந்துவிடும். எடை ஏறவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள். பையனின் அப்பா கத்திரிக்காயைத் தட்டோரம் ஒதுக்குகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கென்னவோ சந்தேகமாக இருக்கிறது.

ஒருநாள் அவருக்கும் இதே வைத்தியத்தைச் செய்து பாருங்களேன். செல்போனில் யானைப் பாட்டைப் போட்டு, மூக்கைப் பிடித்து, ‘மேனேஜருக்கு ஒரு வாய், மாமியாருக்கு ஒரு வாய், டூவீலர் லோனுக்கு ஒரு வாய்’ என்று ஊட்டி, துப்பினால் ‘போலீஸ்காரர் வந்துடுவார்’ என்று சொல்லி, முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் மனிதர் ஓட்டலில் இருப்பார். பையனுக்கு அந்த வசதி இல்லை, அவ்வளவுதான்.

இந்த வியாதி நமக்குப் பந்தியிலிருந்தே இருக்கிறது. போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் விரலிடுக்கில் பாயசத்தை ஊற்றுகிற இனம் நாம். அதைக்கூட மன்னித்துவிடலாம். இப்போது ரசம் வருவதற்குள் ஐஸ்கிரீம் கப்பை இலையோரம் வைத்து, அது உருகி ஓடி அப்பளத்தில் ஏறுகிற வரை வேடிக்கை பார்க்கிறார்களே கல்யாண கான்ட்ராக்டர்கள், அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும். அடுத்த இதழுக்கு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலையுங்கள்.