செயற்கை ஈ கட்டுவதற்கு எந்தத் தூண்டில் முள் சரியானது?

இறகு, முடி, நூல் இவற்றைத் தூண்டில் முள்ளின் மேல் சுற்றிக் கட்டி, மீன் தின்னும் பூச்சி, புழு, சிறுமீன் போலச் செய்யும் இரைதான் செயற்கை ஈ. முள் வாங்கும் முன் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்: இந்த ஈ மிதக்க வேண்டுமா, மூழ்க வேண்டுமா?

மிதக்க வேண்டுமென்றால் மெல்லிய கம்பி முள். ஏனென்றால் சிறிய ஈயின் எடையில் பெரும்பங்கு முள்ளுடையதுதான். பட்டத்துக்குக் குச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி கனத்துவிட்டால் தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டம் ஏறாது. நீருக்குள் இறங்க வேண்டிய ஈக்குத் தடித்த கம்பி. அது பெரிய மீன் இழுத்தாலும் எளிதில் நிமிராது.

அப்புறம் வடிவம், முக்கியமாகத் தண்டு, அதாவது நூல் சுற்றிக் கட்டும் நீளப் பகுதி. சிறுமீனைப் போலக் கட்ட நீண்ட தண்டு, சுருண்ட புழுவுக்கு வளைந்த தண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது முள்ளின் வாய், அதாவது முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி. உடலைத் தடிமனாகக் கட்டி அந்த இடத்தை அடைத்துவிட்டால், மீன் கடித்தாலும் முனை குத்தாது. கடல்நீருக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். மீனைத் திரும்ப விடுபவர்கள் தயவுசெய்து எதிர்முள், அதாவது முனைக்கருகே பின்னோக்கி நீட்டும் சிறு கூர், இல்லாததையே வாங்குங்கள்; காயம் குறையும், கழற்றுவதும் சுலபம்.

எண் பெரிதானால் முள்ளும் பெரிது என்று நினைப்பது தவறு: 18ஆம் எண் முள் 10ஆம் எண்ணைவிடச் சிறியது, 1/0, 2/0 என்று சாய்கோடு வந்தால் மட்டுமே எண்ணோடு அளவும் கூடும்.